டைனோ தாளில் உச்சி எண்ணைக் கடைசியில் பாருங்கள்

வண்டியின் சக்தியை அளக்கும் டைனோ மேடையிலிருந்து வண்டியை இறக்கி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பக்கத்தில் நிற்பவர் கேட்டுவிடுவார்: "எத்தனை எச்.பி. வந்துச்சு?" வண்டிக்காரரும் தாளின் மூலையில் பெரிதாக அச்சாகியிருக்கும் எண்ணைச் சொல்வார். அதோடு தாள் நாலாக மடிந்து சட்டைப் பைக்குள் போய்விடும். கொடுத்த காசில் முக்கால்வாசி வீணானது அந்த இடத்தில்தான். வண்டி எங்கே இழுக்கிறது, எங்கே முக்குகிறது, பெட்ரோல் எங்கே பற்றவில்லை என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. தாளின் நடுவில் ஓடும் கோடுகளில் இருக்கிறது.

முதல் முறையாக வண்டியை டைனோவில் ஏற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு என் வண்டியான ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650ஐயே எடுத்துக்கொள்கிறேன். 648 சி.சி., இரட்டை சிலிண்டர், காற்றாலும் எண்ணெயாலும் குளிரும் எஞ்சின், கம்ப்ரஷன் 9.5க்கு 1. 2018இல் வந்தபோது கம்பெனி சொன்ன கணக்கு 7,000 சொச்சம் ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 47 எச்.பி., 5,250இல் 52 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை. மாற்றங்கள் பெரிதாக ஒன்றும் இல்லை: அடைப்பு குறைந்த சைலென்சர், காற்று தாராளமாகப் போகும் ஃபில்டர், பெட்ரோல் அளவை மாற்ற ஒரு பிக்கிபேக் பெட்டி. உங்கள் வண்டி வேறாக இருந்தாலும் தாளைப் படிக்கும் முறை இதேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை. அடைப்பில்லாத சைலென்சரோடு சாலையில் போனால் அபராதம் வரும். அதை இருங்காட்டுக்கோட்டை மாதிரி பந்தயத் தடத்துக்கு வைத்துக்கொள்வதுதான் நல்லது.

டைனோ எதை அளக்கிறது

பின்சக்கரம் ஒரு கனமான இரும்பு உருளையின் மேல் நிற்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் உருளையின் எடைதான் எல்லாம். வண்டி அதை எவ்வளவு சீக்கிரம் சுழற்றி வேகமேற்றுகிறது என்பதைப் பார்த்து, சக்தியைக் கணக்குப் போட்டுவிடும். இரண்டாவது வகையில் உருளையோடு மின்காந்த பிரேக் இருக்கும். அது வண்டியை ஒரே ஆர்.பி.எம்.மில் பிடித்து நிறுத்தி, நிதானமாக அளக்க விடும். எந்த வகையில் ஏறுகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ட்யூனிங் செய்ய வேண்டுமென்றால் பிரேக் உள்ளதுதான் சௌகரியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டுமே அளப்பது பின்சக்கரத்தில். கம்பெனி சொல்வது எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க்கில். இடையில் கிளட்ச், கியர், செயின், டயர் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடும். ஆகவே 47 என்று வாங்கிய வண்டி டைனோவில் நாற்பதை ஒட்டிக் காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை. 'பதினைந்து சதவீதம் கூட்டிக்கோ, கிராங்க் பவர் வந்துரும்' என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கணக்கை நான் போடுவதில்லை. காய்ந்த செயினுக்கும் எண்ணெய் போட்ட செயினுக்கும் இழப்பு வேறு, காற்றில்லாத டயருக்கு வேறு. சக்கரத்தில் வந்த எண் சக்கரத்தின் எண்ணாகவே இருக்கட்டும்.

அப்புறம் டார்க்கும் எச்.பி.யும். இரண்டும் தனித்தனிச் சமாசாரம் இல்லை. டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,121ஆல் வகுத்தால் எச்.பி. வரும் (டார்க் நியூட்டன் மீட்டரில் இருக்க வேண்டும்). இந்த 7,121ஐ மனதில் போட்டு வையுங்கள், தாளைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை. 7,121 ஆர்.பி.எம்.மில் டார்க் எண்ணும் எச்.பி. எண்ணும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். 41 நியூட்டன் மீட்டர் என்றால் 41 எச்.பி. அப்படி இல்லையென்றால் அலகு வேறாக இருக்கும்.

டைனோவுக்கு ஆர்.பி.எம்.மே தப்பாகப் போவதும் அபூர்வம் இல்லை. பிளக் வயரில் கிளிப் மாட்டித்தான் பல இடங்களில் எடுக்கிறார்கள். சில எஞ்சின்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விடும், சில இரண்டு சுற்றுக்கு ஒரு முறை. கணினியில் அந்த அமைப்பு மாறியிருந்தால் ஆர்.பி.எம். பாதியாகவோ இரட்டிப்பாகவோ பதிவாகும். எச்.பி. உருளையிலிருந்து வருவதால் சரியாகவே இருக்கும், டார்க் மட்டும் கோணலாகிவிடும். '300 நியூட்டன் மீட்டர் வந்தது' என்று யாராவது சொன்னால் அது வேறு கதை. கியர் பெருக்கிய சக்கர டார்க்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு சிரித்துக்கொள்ளலாம்.

ஏற்றுவதற்கு முன்

மாற்றுவதற்கு முந்தைய தாள் கையில் இல்லாவிட்டால் பிந்தைய தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. புதுச் சைலென்சரை மாட்டும் அவசரத்தில் எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். கம்பெனி நிலையில் ஒரு தடவை ஏற்றுங்கள். அதே டைனோ, அதே கியர், அதே டயர் காற்று. ஆறு கியர் வண்டியை ஐந்தாம் கியரில் இழுத்தால் அடுத்த முறையும் ஐந்தாம் கியர்தான். கட்டும் பட்டையை எவ்வளவு இறுக்கினார்கள் என்பதையும் கவனியுங்கள். டயர் உருளையில் அதிகமாக அமுங்கினால் கொஞ்சம் எச்.பி. அங்கேயே சூடாகப் போய்விடும்.

டயர் காற்றையும் எஞ்சின் ஆயில் வெப்பத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தாளின் பின்பக்கம் ஒட்டி வைப்பது என் பழக்கம். ஆறு மாதம் கழித்து அந்தச் சீட்டுதான் கைகொடுக்கும்.

ஒரு ரன் (ஒரு முழு இழுப்பு) போதாது. மூன்று எடுங்கள். மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று அப்படியே உட்காராது. நாற்பது எச்.பி. வண்டிக்கு அரை எச்.பி. முன்னே பின்னே ஆடுவது சகஜம். அதனால் ஒரு எச்.பி.க்குக் குறைவான 'ஏற்றத்தை' நான் ஏற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. மூன்றும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டே போனால் எஞ்சின் சூடேறுகிறது என்று அர்த்தம். இன்டர்செப்டர் மாதிரி காற்றை நம்பி இருக்கும் எஞ்சினுக்கு முன்னால் பெரிய மின்விசிறி வேண்டும். வீட்டுப் பெடஸ்டல் ஃபேனை வைத்துவிட்டு 'ஓடட்டும் தம்பி' என்றால் வண்டியை இறக்கிவிடுங்கள்.

ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்து

தாளின் கீழேயோ பக்கவாட்டிலோ பொடியாக 'எஸ்.ஏ.இ.' என்றோ 'எஸ்.டி.டி.' என்றோ இருக்கும். பக்கத்தில் 1.04 போல ஒரு எண். அன்றைய வெயிலுக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்பப் போட்ட திருத்தம் அது. சூடான காற்றில், அழுத்தம் குறைந்த காற்றில் பிராணவாயு குறைவு, எஞ்சினும் குறைவாகத்தான் தரும். அதைச் சமன் செய்ய, 'இதே வண்டி இன்ன நிலையில் இருந்திருந்தால்' என்று கணினி பெருக்கிக்காட்டுகிறது.

எஸ்.ஏ.இ. ஜே1349 என்ற முறை 25 டிகிரியையும் 99 கிலோபாஸ்கல் உலர்ந்த காற்றையும் அடிப்படையாக எடுக்கிறது. எஸ்.டி.டி. என்பது பழைய முறை. அதற்கு அடிப்படை சுமார் 15.5 டிகிரி, கடல்மட்ட அழுத்தம். குளிர்ந்த, அடர்ந்த காற்றைக் கற்பனை செய்துகொள்வதால் எஸ்.டி.டி. எப்போதும் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். எஸ்.ஏ.இ.யில் 40 வந்த அதே ரன்னை மவுஸை ஒரு தட்டுத் தட்டி எஸ்.டி.டி.க்கு மாற்றினால் 41.6. வண்டியில் ஒரு போல்ட் கூடத் திருகவில்லை, ஒன்றரை எச்.பி. ஏறிவிட்டது! முந்தைய தாள் எஸ்.ஏ.இ., பிந்தைய தாள் எஸ்.டி.டி. என்று கொடுத்தால் அந்த ஒப்பீட்டைக் குப்பையில் போடலாம்.

சென்னையில் 35 டிகிரி வெயில், 1,005 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம், கடலோரப் புழுக்கம் என்று வைத்து எஸ்.ஏ.இ. சூத்திரத்தில் போட்டால் திருத்தம் சுமார் 1.04 வருகிறது. பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேலே 900 மீட்டர் சொச்சத்தில் இருக்கிறது, அழுத்தம் 910ஐ ஒட்டி. அங்கே 26 டிகிரியில் போட்டால் திருத்தம் 1.13. அதாவது திருத்திய கணக்கில் 40 எச்.பி. உள்ள ஒரே வண்டி, திருத்தாமல் பார்த்தால் சென்னையில் 38.5, பெங்களூருவில் 35 சொச்சம்தான் காட்டும். ஊட்டியில் யாராவது டைனோ வைத்தால் பெருக்கல் 1.3ஐத் தாண்டும். இந்தச் சூத்திரம் சின்னத் திருத்தங்களுக்காகச் செய்தது. பத்து சதவீதத்துக்கு மேல் போனால் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஊர் விட்டு ஊர் எண்ணை ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை என்பதும் இதனால்தான்.

இன்னொன்று. வெப்பத்தை அளக்கும் கருவி எங்கே தொங்குகிறது என்று ஒரு பார்வை பாருங்கள். சைலென்சருக்குப் பக்கத்தில், வெந்நீர் அறை மாதிரி இருக்கும் மூலையில் தொங்கினால், எஞ்சின் உண்மையில் இழுக்கும் காற்றைவிடப் பத்து டிகிரி கூடுதலாகக் காட்டும். அதற்கே இரண்டு சதவீதம் சும்மா ஏறிவிடும்.

கோட்டை மழமழப்பாக்கும் அளவும் கணினியில் உண்டு. அதிகமாக வைத்தால் பள்ளமெல்லாம் மூடி, வளைவு சினிமா போஸ்டர் மாதிரி அழகாக இருக்கும். பழுது தேடும்போது குறைத்து வைக்கச் சொல்லுங்கள். செங்குத்து அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா, முப்பதில் தொடங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். முப்பதில் தொடங்கினால் ஒரு எச்.பி. வித்தியாசம்கூட மலை மாதிரித் தெரியும்.

முதலில் டார்க் கோடு

சரி, இப்போது கோடுகளுக்கு வருவோம். எச்.பி. கோடு எந்த வண்டியிலும் உச்சி வரை இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டுதான் போகும். ஆர்.பி.எம்.மால் பெருக்குகிறோம் அல்லவா, குறைகள் அதில் அமுங்கிவிடும். டார்க் கோடுதான் குறையை மறைக்காமல் காட்டும். விரலை இடது ஓரத்தில் வைத்து மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். எங்கே சட்டென்று இறங்குகிறது, எங்கே நடுங்குகிறது, உச்சியைத் தாண்டி எப்படிச் சரிகிறது?

விளங்குவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு. கம்பெனி நிலையில் ஒரு இன்டர்செப்டர் சக்கரத்தில் 7,100இல் 40.6 எச்.பி., 5,200இல் 44.6 நியூட்டன் மீட்டர் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். 3,800இல் டார்க் 42. சைலென்சரும் ஃபில்டரும் மாற்றி, பெட்ரோலைத் தொடாமல் ஏற்றினால் உச்சி 7,250இல் 42. 'ஒண்ணரை ஏறிடுச்சு' என்று கை குலுக்குவார்கள். விரலை 3,800க்குக் கொண்டுபோங்கள். அங்கே 42 இருந்த டார்க் 38.5 ஆகியிருக்கிறது. எச்.பி.யில் சொன்னால் 22.4 இருந்த இடத்தில் 20.5.

இன்டர்செப்டரில் ஆறாம் கியரில் 3,800 என்பது நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும் வேகம். ஈ.சி.ஆரில் முன்னால் போகும் பஸ்ஸை முந்த முறுக்கும் இடம். 7,250க்கு நீங்கள் வாரத்தில் எத்தனை முறை போகிறீர்கள்? உச்சியில் ஒன்றரை வாங்கிக்கொண்டு, தினமும் ஓட்டும் இடத்தில் இரண்டைக் கொடுத்துவிட்டோம். சைலென்சர் மாற்றிய பல வண்டிகளில் சத்தம் கூடி இழுவை குறைந்த மாதிரி இருப்பதற்கு இந்தப் பள்ளம்தான் காரணம். 'மனப்பிரமை' என்று மெக்கானிக் சொன்னால் நம்பாதீர்கள், தாளில் இருக்கிறது.

அதன் கீழே ஓடும் காற்று-பெட்ரோல் கோடு

பள்ளம் தெரிந்தது. காரணம்? அதற்கு டார்க் கோட்டுக்குக் கீழே ஓடும் மூன்றாவது கோடு வேண்டும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு எத்தனை கிராம் காற்று என்கிற விகிதம். புகையில் ஆக்சிஜனை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரைச் சைலென்சருக்குள் விட்டு எடுப்பார்கள். இந்தக் கோடு இல்லாத டைனோ தாள், ரத்தப் பரிசோதனை இல்லாமல் காய்ச்சல் பார்ப்பது போல. கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

சுத்தமான பெட்ரோல் முழுதும் எரிய 14.7 பங்கு காற்று. அதற்கு மேலே போனால் லீன் (பெட்ரோல் குறைவு), கீழே வந்தால் ரிச் (பெட்ரோல் கூடுதல்). முழு த்ராட்டிலில் நல்ல சக்தி வருவது 12.8 முதல் 13.2 வரை. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு நான் 12.8இன் பக்கம் சாய்வேன். கூடுதல் பெட்ரோல் அறையைக் கொஞ்சம் குளிர்விக்கும், மே மாத வெயிலில் அது பிஸ்டனுக்கு நல்லது.

இங்கே எத்தனால் குறுக்கே வருகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் முழுதும் எரிய சுமார் 13.5 பங்கு காற்றே போதும். ஆனால் சென்சார் உண்மையில் அளப்பது 'தேவைக்கு எவ்வளவு கூட, குறைய' என்பதை மட்டும்தான், அதை 14.7ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது. ஆகவே திரையில் 13 என்று வந்தால் எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் அதே அளவு ரிச்தான், குறி மாறாது. ஆனால் மேப், அதாவது எங்கே எவ்வளவு பெட்ரோல் என்கிற அட்டவணை, மாறும். பத்து சதவீதக் கலவையில் 13க்குப் போட்ட மேப், இருபது சதவீதத்தில் நாலு சதவீதம் லீன் ஆகி 13.5ஐ ஒட்டி ஓடும். பழைய மேப்பை அப்படியே வைத்திருப்பவர்கள் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

நம் மாதிரி வண்டிக்கு வருவோம். 3,800இல் விகிதம் 14.2 என்று காட்டுகிறது. வேண்டியது 13. 14.2ஐ 13ஆல் வகுத்தால் 1.09. அந்த இடத்தில் 9 சதவீதம் பெட்ரோல் கூட்ட வேண்டும். 6,500இல் 12.1 என்று இருந்தால் 12.1ஐ 13ஆல் வகுங்கள், 0.93. அங்கே 7 சதவீதம் குறைக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. கால்குலேட்டர் இருந்தால் போதும்.

எந்த இடத்தில் கூட்டுவது என்பதில்தான் புதியவர்கள் வழுக்குவார்கள். எரிந்த புகை குழாய் வழியாக வந்து சென்சாரைத் தொட்டு, எண் திரைக்கு வர நேரமாகும். 2,500இலிருந்து 7,500 வரை எட்டு வினாடியில் இழுத்தால் வினாடிக்கு 600 ஆர்.பி.எம். சொச்சம். அரை வினாடி தாமதம் என்றாலே 300 ஆர்.பி.எம். தள்ளிவிடும். தாளில் 4,100இல் தெரியும் லீன் மேடு உண்மையில் 3,800இன் வேலை. டார்க் பள்ளம் 3,800இலும் லீன் மேடு 4,100இலும் இருந்தால் இரண்டும் ஒரே நோய் என்று சந்தேகப்படுங்கள். பிரேக் உள்ள டைனோவில் 3,800லேயே பிடித்து நிறுத்தி அளந்தால் இந்தத் தொல்லை இல்லை.

சைலென்சர் இணைப்பில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து பொய்யாக லீன் காட்டும். குட்டையான சைலென்சரில் குறைந்த ஆர்.பி.எம்.மிலும் இதேதான். கசிவைப் பார்க்காமல் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் பிளக் கரியாகிப் போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோலா, குழாயா

ஒன்பது சதவீதம் கூட்டி மறுபடி இழுக்கிறோம். விகிதம் 13க்கு வந்துவிட்டது. டார்க்?

38.5 இருந்தது 41.5க்கு ஏறிவிட்டால் நோய் பெட்ரோல் குறைச்சல், தீர்ந்தது. விகிதம் சரியாகியும் டார்க் 39லேயே நின்றால் பெட்ரோலைத் தொடுவதை நிறுத்துங்கள். அது குழாயின் வேலை. எரிந்த வாயு வெளியேறும்போது குழாயில் அழுத்த அலை ஓடும். அது முனையில் மோதித் திரும்பும் நேரத்தில் வால்வு திறந்திருந்தால், சில ஆர்.பி.எம்.மில் உதவி செய்யும், சிலவற்றில் புதுக் காற்றையே பின்னுக்குத் தள்ளும். கம்பெனிக்காரர்கள் குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் பார்த்துப் பார்த்து வைத்ததை நாம் சத்தத்துக்காகக் கழற்றி எறிந்தோம். அந்தப் பள்ளத்தை எந்த மேப்பாலும் நிரப்ப முடியாது. குழாயின் நீளத்தையோ உள் தடுப்பையோ மாற்றிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பழைய சைலென்சரை மாட்ட வேண்டும். 'இன்னும் ரெண்டு ரன், மேப்ல சரி பண்ணிடலாம்ணே' என்று ஒருவர் சொன்னால் மீட்டர் ஓடுகிறது என்று பொருள்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பதும் இதற்காகத்தான். ஃபில்டர், பெட்ரோல், இக்னிஷன் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது கொடுத்தது, எது கெடுத்தது என்று எந்தச் சாமிக்கும் தெரியாது.

இக்னிஷனில் பேராசை வேண்டாம்

பெட்ரோல் சரியான பிறகுதான் இக்னிஷன் டைமிங். பொறியை இரண்டு டிகிரி முன்னால் தள்ளி இழுங்கள். டார்க் ஏறினால் இன்னொரு இரண்டு. ஏறவில்லையென்றால், அல்லது அரை நியூட்டன் மீட்டர்கூடத் தேறவில்லையென்றால், பின்வாங்கிவிடுங்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு முன்னால் தள்ளத் தள்ள டார்க் கோடு அசையாது, ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் ஏறிக்கொண்டே இருக்கும். தாளில் லாபம் பூஜ்ஜியம், பிஸ்டனுக்கு நஷ்டம். நாக்கிங் சத்தம் (பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிக்கும் தட்டல்) டைனோ அறை இரைச்சலில் காதில் விழாது. எஞ்சின் உடம்பில் ஒட்டிக் கேட்கும் கருவி இல்லாத இடத்தில் நான் கம்பெனி டைமிங்கைத் தொட விடமாட்டேன். குளிர்ந்த டைனோ அறையில் தாங்கும் டைமிங், மே மாதம் விழுப்புரம் பைபாஸில் தாங்குமா என்றும் யோசிக்க வேண்டும்.

ட்யூனிங் பழுது மாதிரி வேஷம் போடும் மற்றவை

ஒரு முறை நண்பர் ஒருவரின் வண்டி. 5,000 வரை டார்க் கோடு அருமையாக ஏறியது, அப்புறம் கத்தியால் வெட்டியது போலச் சரிந்தது. பெட்ரோல் கூட்டினோம், குறைத்தோம், இரண்டு மணி நேரம் போனது. விகிதக் கோடு ஆடாமல் அசையாமல் 13லேயே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் டைனோக்காரர் ஆர்.பி.எம்.மையும் உருளை வேகத்தையும் ஒன்றுக்கொன்று போட்டுக் காட்டினார். கியர் மாறாதவரை அந்த விகிதம் நேர்கோடாக இருக்க வேண்டும். 5,000க்கு மேல் அது வளைந்திருந்தது: எஞ்சின் ஏறுகிறது, சக்கரம் ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது! விசாரித்தால், முந்தின வாரம் கார் ஆயில் ஊற்றியிருக்கிறார். எண்ணெயில் முங்கி ஓடும் பைக் கிளட்சுக்கு ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 தர ஆயில்தான் வேண்டும். ட்யூனிங் காசு அவருடையது, பாடம் எங்கள் எல்லோருக்கும்.

மேல் ஆர்.பி.எம்.மில் விகிதம் லீன் பக்கம் ஓடிக்கொண்டே போய், டார்க்கும் கூடவே விழுந்தால் பெட்ரோல் போதவில்லை. பம்ப்பையும் ஃபில்டரையும் பாருங்கள். கோடு ரம்பப் பல் போல நடுங்கினால் பொறி தவறுகிறது, புது பிளக் போட்டு இன்னொரு ரன் எடுத்தால் தெரிந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் அழகான ஒரு பொய்யான கூர்முனை வரும். சிலர் அதையே உச்ச எச்.பி. என்று அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள்.

எடை குறைத்த ஃப்ளைவீலும் சக்கரமும் எடையால் அளக்கும் டைனோவில் எச்.பி. ஏறிய மாதிரிக் காட்டும். வேகமேறும்போது தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளச் செலவாகும் சக்தி மிச்சமாகிறது, அவ்வளவுதான். எஞ்சின் கூடுதலாக எதையும் உண்டாக்கவில்லை.

ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டூ ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோலும் காற்றும் ஆயிலும் நேராகச் சைலென்சருக்குப் போவதால் வைட்பேண்ட் எண்ணை நம்பிக் கார்புரேட்டர் ஜெட் மாற்றாதீர்கள். அங்கே பிளக் நிறமும் புகைக் குழாயின் வெப்பமும்தான் சாட்சி. குழாய் சூடாக ஆக வளைவே வலப்பக்கம் நகரும், ஆகவே ஒரே குழாய் வெப்பத்தில் எடுத்த ரன்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

முழு த்ராட்டில் பாதி வேலைதான்

வழக்கமான டைனோ தாள் முழு த்ராட்டிலில் எடுத்தது. மேப்பை ஒரு பெரிய கட்டம் போட்ட அட்டவணையாக நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் ஆர்.பி.எம்., இன்னொரு பக்கம் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது. தாளில் வந்தது கடைசி ஒரு வரிசை மட்டும். அண்ணா சாலையில் நீங்கள் ஓட்டுவது பத்து, இருபது சதவீத வரிசைகளில். அங்கே விகிதம் கோணலாக இருந்தால் திக்கித் திக்கிப் போகும், த்ராட்டிலை விட்டால் சைலென்சர் படபடவென்று வெடிக்கும், மைலேஜ் விழும். பிரேக் உள்ள டைனோவில் 10, 20, 40, 60 சதவீதம் என்று த்ராட்டிலைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஆர்.பி.எம்.மை நிறுத்தி நிறுத்தி அளக்கச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், காசும் கூடும். என்னைக் கேட்டால் உச்சியில் அரை எச்.பி. தேடும் நேரத்தை இங்கே செலவழிப்பேன்.

கம்பெனி ஆக்சிஜன் சென்சார் இணைப்பில் இருந்தால், நிதானமாக ஓடும்போது எஞ்சினை நடத்தும் கணினியான இ.சி.யூ. தன் போக்கில் 14.7க்கு இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் பிக்கிபேக்கில் கூட்டியதை அது அந்தப் பக்கம் கழிக்கும். 'டைனோவில் நன்றாக இருந்தது, இரண்டு நாளில் பழையபடி ஆகிவிட்டது' என்கிற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த வரிசைகளில் சென்சாரோடு மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டு, அது தலையிடாத வரிசைகளில் மட்டும் மாற்றுவது ஒரு வழி. உங்கள் பெட்டி அதை எப்படிக் கையாளுகிறது என்று ட்யூனரிடம் முதலிலேயே கேளுங்கள்.

கிளம்பும்போது அச்சுத் தாளோடு நின்றுவிடாதீர்கள். ரன் கோப்பையும் மேப் கோப்பையும் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள், முதல் ரன்னிலிருந்து கடைசி ரன் வரை, தேதியோடு. 'எல்லாம் சிஸ்டத்துல இருக்கு, எப்ப வேணா வாங்கிக்கலாம்' என்பார்கள். நான் ஒரு தடவை அப்படி விட்டுவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது கணினி மாறியிருந்தது, என் கம்பெனி நிலை ரன் போயே போய்விட்டது. திரும்பவும் பழைய சைலென்சரைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து மாட்டி, முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.